ஓட்வயர் என்னும் பெயர்

பாஞ்சாலப் படுகொலையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம்மவர் வீடுகளில் ஒரு குழப்பமும் உடன் எழுவது வழக்கம். ஜாலியன்வாலா பாக்கில் சுட்டவர் டயரா, ஓட்வயரா? லண்டனில் உத்தம் சிங்கின் குண்டுக்கு இரையானவர் எவர்? இருவரும் ஒருவரே என்று எண்ணியிருப்பவர் அநேகர். ஓசையால் இவ்வளவு நெருங்கிய இரு பெயர்கள், ஒரே மாதத்தில், ஒரே மாகாணத்தில், ஒரே கொடுமையில் வந்து கூடியது விதியின் விளையாட்டேயன்றி வேறில்லை. உண்மையில் அவ்விரண்டு பெயர்களுக்கும் எள்ளளவும் உறவு கிடையாது. டயர் என்பது இங்கிலீஷ்காரர்களின் தொழிற்பெயர். துணிக்குச் சாயம் ஏற்றுகிறவன் என்பது அதன் பொருள். ஓட்வயரோ சுத்தமான ஐரிஷ் பெயர்; இங்கிலீஷ் பாஷை அயர்லாந்தின் கரையில் கால் வைப்பதற்கு முன்பே பிறந்த பெயர். அந்நிய ஆட்சியை எதிர்த்து மலையில் அலைந்தவர்களும், அந்நிய ஆட்சியின் கையாயிருந்து பிறர் நாட்டை அடக்கியவர்களும் அதே பெயரைத் தாங்கியிருந்திருக்கிறார்கள். ஆகவேதான் அதன் சரித்திரம் நாம் அறியத் தக்கதாகிறது.

ஐரோப்பாவிலேயே பரம்பரைக் குடும்பப் பெயரை முதன்முதலில் மேற்கொண்ட ஜாதியாரில் ஐரிஷ்காரர்களும் சேர்ந்தவர்கள். பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளிலேயே அவ்வழக்கம் அங்கே வேரூன்றிவிட்டது. 'மக்' என்றால் மகன். 'ஓ' என்றால் பேரன், வழித்தோன்றல். முன்னோருள் கீர்த்தி பெற்ற ஒருவனுடைய பெயருக்கு முன்னே இவற்றில் ஒன்றைச் சேர்த்துவிட்டால் குலப்பெயர் ஆயிற்று. இங்கிலீஷில் 'ஓ' என்னும் எழுத்துக்குப் பின்னால் ஒரு மேற்குறி இடுகிறார்களே, அது ஐரிஷ் எழுத்தில் இல்லாதது. 'ஓ'வை நெடிலாக்கும் சாய்கோட்டை அறியாத இங்கிலீஷ் குமாஸ்தாக்களின் கைவண்ணம். பெண்களுக்கு வேறு முறை. மகளானால் 'நீ' என்றும், மனைவியானால் 'ஈ' என்றும் பெயரின் முகப்பு மாறும். ஒரு பெண்ணின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அவள் அக்குலத்தில் பிறந்தவளா, புகுந்தவளா என்பது விளங்கிவிடும். நமது மாமிமார்கள் அரைமணி நேரம் விசாரித்து அறிவதை அவர்கள் ஓரெழுத்தில் அடக்கிவிட்டார்கள்!

ஓட்வயர் என்பதன் ஆதி உருவம் ஐரிஷ் பாஷையில் ஏறக்குறைய 'ஓ திவிர்' என்று ஒலிக்கும். அக்குலத்தின் மூலபுருஷனுடைய பெயரில் இரண்டு நிறங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று கறுப்பு, மற்றொன்று மங்கிய பழுப்பு. நம் நாட்டுக் கறுப்பண்ணன், கறுப்பையா என்னும் பெயர்களுக்குத் தூரத்து உறவு என்று வைத்துக் கொள்ளலாம். இக்குலத்தார் ஆண்ட சீமை தென் அயர்லாந்தில் டிப்பரரி ஜில்லாவின் மேற்குப் பாகத்திலுள்ள கில்னமானா. 'துறவிகளின் காடு' என்பது அவ்வூர்ப் பெயரின் பொருள். பெரிய ராஜவமிசம் அன்று. ஆயினும் தங்கள் காட்டையும் மேட்டையும் விட்டுக்கொடாத வமிசம்.

பெயர் விஷயத்தில் இங்கிலீஷ் ராஜாங்கம் தலையிட்ட கதை விநோதமானது. 1465-ஆம் வருஷத்தில் ஒரு சட்டம் பிறந்தது. டப்ளின், மீத், லௌத், கில்டேர் ஆகிய, தங்கள் பிடியிலிருந்த பிரதேசங்களில் வசிக்கும் ஐரிஷ்காரர் ஒவ்வொருவரும் இங்கிலீஷ்காரரைப் போல உடுத்தவேண்டும். இங்கிலீஷ் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொள்ளவும் வேண்டும். எத்தகைய பெயர் என்பதையும் சட்டமே எடுத்துக் காட்டிற்று: ஓர் ஊரின் பெயராகலாம், வெள்ளை, கறுப்பு, பழுப்பு என்று ஒரு நிறமாகலாம், கொல்லன், தச்சன் என்று தொழிலாகலாம், சமையற்காரன் என்று ஊழியமாகவும் இருக்கலாம். தேசத்தைப் பறித்தவர்கள் பாட்டனுடைய பெயரையும் பறிக்க எண்ணினார்கள். அச்சட்டத்தால் உடனே விளைந்த பலன் சொற்பமே. ஆனால், பின்னர்ப் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் நிலமும் மதமும் பாஷையும் ஒருங்கே நசுக்கப்பட்டபோது, சட்டம் இல்லாமலே ஜனங்கள் 'ஓ'வையும் 'மக்'கையும் உதிர்த்துவிட்டார்கள். ஓட்வயர் ட்வயராயிற்று. 1893-இல் கேலிக் சங்கம் தோன்றித் தாய்மொழிப் பற்று மறுபடி தளிர்த்த காலத்தில்தான் உதிர்ந்த 'ஓ' பல குடும்பங்களில் திரும்பவும் ஒட்டிக்கொண்டது. ஒருவன் தன் பெயரின் முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொள்வதே தேசபக்தியின் அடையாளமாக இருந்த காலம் அது.

கிராம்வெல்லின் படை அயர்லாந்தைச் சூறையாடிய யுத்தத்தில் கில்னமானாவின் தலைவர் எட்மண்ட் ஓட்வயர் கடைசி வரையில் போராடிய சிலருள் ஒருவர். 1652-இல் அவர் சரணடைந்தார். தம்முடைய வீரர்களை அழைத்துக்கொண்டு ஐரோப்பாக் கண்டத்துக்குக் கப்பலேறினார். குலத்தின் நிலங்கள் அந்நியர் கைக்கு மாறின. காட்டு மரங்கள் வீழ்ந்ததையும் வீரர்கள் ஓடி மறைந்ததையும் சொல்லி இரங்கும் ஒரு பழம்பாட்டு, ஓட்வயர் ஒருவனைத் தலைவனாகக் கொண்டு, ஐரிஷ் மொழியில் வழங்கிவருகிறது.

இனி முதல் மைக்கேலிடம் வருவோம். 'முதல்' என்று சொல்வதற்குக் காரணம், பின்னால் மற்றொரு மைக்கேல் வரப்போகிறார்.

மைக்கேல் ட்வயர் 1772-இல் விக்லோ ஜில்லாவில் இமால் பள்ளத்தாக்கில் ஓர் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். டிப்பரரியிலிருந்து பெயர்ந்து வந்த கிளை அது என்பர். 1798-இல் 'ஐக்கிய ஐரிஷ்காரர்' சங்கம் மூட்டிய கிளர்ச்சியில், கத்தோலிக்கரும் பிராடெஸ்டண்டுகளும் தோளோடு தோள் நின்று ஆங்கில ஆட்சியை எதிர்த்தார்கள். ஜூன் மாதத்தில் வினிகர் குன்றில் அவர்களுடைய சேனை முறியடிக்கப்பட்டது. மற்றவர்கள் கலைந்தார்கள், ட்வயர் கலையவில்லை. ஒரு சிறு கூட்டத்தோடு விக்லோ மலைகளில் ஏறினவர், ஐந்து ஆண்டுகள் பிடிபடாமல் இருந்தார்.

அவ்வைந்து ஆண்டுகளில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை மட்டும் இங்கே சொல்லவேண்டும். 1799 பிப்ரவரி 15-ந் தேதி. மலையெங்கும் பனி மூடிக் கிடந்தது. டெரினமக் என்னும் குக்கிராமத்தில் மூன்று குடிசைகளில் ட்வயரும் தோழர்களும் தங்கியிருந்தார்கள். எவனோ ஒற்றன் சொல்ல, ஸ்காட்லாந்து ஹைலண்டர் பட்டாளம் விடியுமுன் வந்து வளைத்துக்கொண்டது. இரண்டு குடிசைகளில் இருந்தவர்கள் சரணடைந்தார்கள். மூன்றாவது குடிசையில் இருந்த ட்வயர், வீட்டுக்காரர்களான பெண்டு பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுப் போரிட்டார். கூரை தீப்பற்றிற்று. உடன் இருந்தவர்களில் ஸாம் மக்காலிஸ்டர் என்பவர் வடக்கே ஆன்ட்ரிம் ஜில்லாவைச் சேர்ந்தவர்; கத்தோலிக்கர் அல்லர், பிரஸ்பிடேரியன். அவர் கையில் குண்டு பாய்ந்திருந்தது. "நான் வாசலில் போய் நிற்கிறேன், அவர்கள் என்னைச் சுடுவார்கள், மறுபடி மருந்து கெட்டிப்பதற்குள் நீர் ஓடிவிடும்" என்பதே அவர் செய்த யோசனை. அக்காலத்துத் துப்பாக்கிகளை ஒருமுறை சுட்டால் மறுமுறை நிரப்பச் சிறிது நேரம் செல்லும். மக்காலிஸ்டர் கதவைத் திறந்துகொண்டு நின்றார். துப்பாக்கிகள் அனைத்தும் ஒருசேர வெடித்தன. அவர் வீழ்ந்தார், ட்வயர் வெறுங்காலுடன் பனியிலே ஓடித் தப்பினார். அந்தக் குடிசையை ஐரிஷ் மக்கள் செப்பனிட்டுத் தேசீயச் சின்னமாகப் பேணி வருகிறார்கள்.

ஒரு மனிதரையும் அவருடைய சிறு கூட்டத்தையும் பிடிப்பதற்காகச் சர்க்கார் ஒரு சாலையே போட்டது! டப்ளினுக்குத் தெற்கேயுள்ள மலைகளின் முதுகின்மீது, பட்டாளம் ஏறிச் செல்வதற்கென்று 1800-இல் தொடங்கிய 'மிலிடெரி ரோடு' 1809-இல் முடிந்தது. ட்வயரோ 1803 டிசம்பரிலேயே தாமாகச் சரணடைந்துவிட்டார். சாலை இன்றைக்கும் இருக்கிறது. உல்லாசப் பிரயாணிகள் அதில் மோட்டாரில் செல்கிறார்கள்.

அவர் சரணடைந்தது சாலைக்கு அஞ்சி அன்று. 1803 ஜூலையில் ராபர்ட் எம்மெட் டப்ளினில் நடத்திய கிளர்ச்சி தோல்வியுற்றபின், ட்வயருடைய சுற்றத்தாரையெல்லாம் ராஜாங்கம் பிடித்துச் சிறையில் அடைத்தது. அவருடைய உறவுப் பெண் ஆன் டெவ்லின், எம்மெட்டின் வீட்டை நடத்தி வந்தவள். எம்மெட் எங்கே என்று கேட்டு அவளைக் கழுத்தில் கயிறிட்டுத் தூக்கி, உயிர் போகுமுன் இறக்கினார்கள். அவள் வாய் திறக்கவில்லை. கில்மெய்னம் சிறையிலும் பல காலம் வாடினாள், அப்போதும் திறக்கவில்லை. ட்வயர் வமிசத்து வீரர்களைப் பற்றிப் பேசும்போது, அவ்வமிசத்தின் பெயரைத் தாங்காத இந்தப் பெண்ணையே முதலில் நிறுத்தவேண்டும் என்பது எம்முடைய கருத்து.

அமெரிக்காவுக்கு அனுப்புவதாகச் சொல்லிச் சரணடையச் செய்தார்கள். அனுப்பியது ஆஸ்திரேலியாவுக்கு, தண்டனைக் கைதிகளோடு, விசாரணையின்றி. அவர் ஏறிய கப்பலின் பெயரை நேயர்கள் ஊகிக்கவே முடியாது: 'டெல்லிச்சேரி'! நமது மலையாளக் கரையிலுள்ள தலைச்சேரிதான். மிளகுத் துறையின் பெயரைப் பூண்ட அக்கப்பல் 1806 பிப்ரவரியில் அந்த ஐரிஷ் வீரரையும் அவர் மனைவி மேரியையும் ஸிட்னியில் இறக்கிவிட்டது. அங்கே நூறு ஏக்கர் நிலம் கிடைத்தது. ஆனால் சும்மா இருக்க விட்டார்களா? 'பௌண்டி' கப்பலில் மாலுமிகள் எதிர்த்தெழுந்த கதையில் வரும் காப்டன் பிளை அப்போது அங்கே கவர்னர். 1807-இல் ட்வயர் சதி செய்ததாக வழக்கு நடந்தது. கோர்ட்டார் விடுதலை செய்தார்கள். கவர்னர் அத்தீர்ப்பைக் குப்பையில் போட்டுவிட்டு, நார்போக் தீவுக்கும் பின்னர் டாஸ்மேனியாவுக்கும் அவரைத் துரத்தினார். 1808 ஜனவரியில் பிளையின் சொந்தப் பட்டாளமே அவரைக் கைது செய்து பதவியிலிருந்து இறக்கியபின்தான் ட்வயர் திரும்பி வர முடிந்தது.

வாழ்க்கையின் பிற்பகுதி அவ்வளவு சோபிக்கவில்லை. அதை மறைப்பதில் பயனுமில்லை. ராஜாங்கம் வேட்டையாடிய மனிதர் லிவர்பூல் என்னும் ஊரில் தலைமைக் கான்ஸ்டபிள் ஆனார். குடிப்பழக்கம் பற்றிக்கொண்டது; 1820-இல் வேலை போயிற்று. கடனுக்காகச் சிறை சென்று, 1825-இல் மரித்தார். ஆயினும் ஜனங்கள் மறக்கவில்லை. 1898-இல், கிளர்ச்சியின் நூறாண்டு நிறைவின்போது, அவருடைய எலும்புகளையும் மேரியின் எலும்புகளையும் எடுத்து, ஸிட்னி நகரம் அதுவரை காணாத ஊர்வலத்தோடு வேவர்லி மயானத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்து, மாபெரும் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள்.

இரண்டாவது மைக்கேல் 1864-இல் பிறந்தார். பிறந்த ஊர் பாரன்ஸ்டவுன். அதே டிப்பரரி ஜில்லா, ஸோலோஹெட் வட்டாரம். கத்தோலிக்கக் குடும்பம், பதினான்கு குழந்தைகளில் ஒருவர். தகப்பனார் நிலச்சுவான்தார், தேசீயவாதிகளின் கிளர்ச்சியில் அனுதாபம் இல்லாதவர். குத்தகைக்காரர்களும் நிலச்சுவான்தார்களும் மோதிக்கொண்ட 1882-ஆம் வருஷத்தில் இரவில் வந்த சிலர் அந்த வீட்டின்மீது சுட்டார்கள். அதே வருஷத்தில்தான் பதினெட்டு வயதுப் பிள்ளை ஐ.ஸி.எஸ். பரீட்சையில் தேறினார். ஜன்னலில் குண்டு பாய்ந்த வீட்டிலிருந்து புறப்பட்டவர், கிளர்ச்சி என்ற சொல்லைக் கேட்டாலே சீறும் மனத்தோடு 1885-இல் பாஞ்சாலத்துக்கு வந்து சேர்ந்தார். மனத்தின் காரணத்தைச் சொன்னோமேயன்றி, செய்ததற்குச் சமாதானம் சொல்லவில்லை.

1913 முதல் அம்மாகாணத்தின் லெப்டினெண்ட் கவர்னராயிருந்தார். முதல் மகாயுத்தத்தில் பாஞ்சாலத்திலிருந்து மூன்றரை லட்சத்துக்கு மேல் ஆட்களைப் படைக்குத் திரட்டினார். கிராமங்களில் நடந்த வற்புறுத்தல் அங்கே இன்னும் பேசப்படுகிறது. 1919 ஏப்ரலில், மகாத்மா பாஞ்சாலத்துக்குள் நுழையாதபடி தடை, 10-ந் தேதி அமிர்தசரஸின் தலைவர்களான டாக்டர் கிச்சலூவையும் டாக்டர் ஸத்யபாலையும் வஞ்சகமாக அழைத்து அப்புறப்படுத்தல், நகரம் கொந்தளித்தது. 13-ந் தேதி ஜெனரல் டயர் 1,650 குண்டுகளைச் சுடச் செய்தார். மாண்டவர் 379 என்பது சர்க்கார் கணக்கு; ஆயிரம் என்பது காங்கிரஸின் கணக்கு. மறுநாளே குஜ்ரன்வாலாவில் ஆகாய விமானத்திலிருந்து குண்டு வீசப்பட்டது. டயரின் செய்கை சரியே, லெப்டினெண்ட் கவர்னருக்குச் சம்மதமே என்று செய்தி அனுப்பியவர்தான் நமது இரண்டாவது மைக்கேல். துப்பாக்கி டயருடையது, ஒப்புதல் ஓட்வயருடையது. குழப்பம் உள்ளவர்கள் இவ்வாறு நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இதில் திகைப்பூட்டும் பொருத்தம் ஒன்றுண்டு. அதே 1919 ஜனவரி 21-ந் தேதி, அதாவது ஜாலியன்வாலா பாக்குக்கு மூன்று மாதத்துக்குள்ளாக, அயர்லாந்தின் சுதந்திரப் போரில் முதல் வேட்டுகள் கிளம்பின. எங்கே? ஸோலோஹெட்பெக்கில், ஓட்வயர் பிறந்த அதே வட்டாரத்தில். தம் ஊரார் ஆயுதம் எடுத்த வேளையில், அவ்வூர்ப் பிள்ளை ஆயுதமற்ற ஜனங்களின்மீது சுட்டதற்கு ஆமோதம் தெரிவித்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு ஜூனில், பாஞ்சாலத்து ஜலந்தரிலேயே, கன்னாட் ரேஞ்சர்ஸ் என்னும் ஐரிஷ் பட்டாளத்தின் சிப்பாய்கள் தங்கள் நாட்டில் பிரிட்டிஷ் படை செய்யும் அட்டூழியத்தைக் கேட்டு வேலை செய்ய மறுத்தார்கள். அப்பட்டாளத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் டேலி என்னும் இளைஞன் நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டான்.

இதற்கிடையில் நம் சென்னை ராஜதானியும் இக்கதையில் பங்கு கொள்கிறது. சென்னை ஹைகோர்ட்டு ஜட்ஜாயிருந்து வைஸ்ராய் நிர்வாக சபைக்குச் சென்ற ஸர் சி. சங்கரன் நாயர், பாஞ்சாலக் கொடுமைகளுக்காகப் பதவியைத் துறந்தவர். 1922-இல் அவர் எழுதிய புத்தகம் மகாத்மாவின் ஒத்துழையாமையைக் கண்டிப்பது. அதே புத்தகத்தில் ஓட்வயரின் பொறுப்பையும் ஒளிக்காமல் எழுதினார். காந்தியைக் கண்டித்ததற்காகச் சர்க்கார் மெச்சியிருக்கும். ஓட்வயர் மானநஷ்ட வழக்குப் போட்டார். 1924-இல் லண்டனில் ஜட்ஜ் மக்கார்டி முன்பு ஐந்து வாரம் வழக்கு நடந்தது. டயர் செய்தது சரியென்று ஜட்ஜே ஜூரிகளிடம் கூறினார். பன்னிருவரில் பதினொருவர் ஓட்வயர் பக்கம். எதிர்த்த ஒரே ஒருவர் பேராசிரியர் ஹெரால்ட் லாஸ்கி. 500 பவுன் நஷ்ட ஈடும், அதைப் போலப் பன்மடங்கு வழக்குச் செலவும் நாயர் தலையில் விழுந்தன. மன்னிப்புக் கேட்டால் தொகையை விட்டுவிடுவதாக எதிர்க்கட்சி சொல்லிற்று. நாயர் பணத்தைக் கட்டினார்.

1940 மார்ச் 13-ந் தேதி லண்டன் காக்ஸ்டன் மண்டபத்தில் நடந்த கூட்டத்தின் முடிவில் உத்தம் சிங் ஓட்வயரைச் சுட்டுக் கொன்றார். போலீஸார் பெயர் கேட்டபோது அவர் சொன்ன பெயர் முகம்மது சிங் ஆஸாத். ஹிந்துஸ்தானத்தின் மதங்களைச் சேர்த்து, 'சுதந்திரன்' என்ற பட்டத்தையும் கூட்டித் தாமே செய்துகொண்ட பெயர் அது. மகாத்மா அச்செய்கையை வன்மையாகக் கண்டித்தார். ஆயினும் ஜூலை 31-இல் தூக்குமேடை ஏறிய அவரைப் பாஞ்சாலம் தியாகியாகவே கொண்டாடுகிறது. 1974-இல் அவருடைய அஸ்தி தாய்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது.

இந்த மைக்கேலைக் கண்டு குலம் முழுவதையும் எடை போடுவது நியாயமன்று. அதே டிப்பரரியில் ஹோலிக்ராஸ் என்னும் ஊரில் பிறந்த எட்வர்ட் தாமஸ் ஓட்வயர், 1886 முதல் லிமரிக் நகரத்தின் கத்தோலிக்க பிஷப். தேசீயவாதிகளோடு பலமுறை முட்டிக்கொண்டவர். நிலக் கிளர்ச்சியின் முறைகளை எதிர்த்தவர். 1916-இல் ஈஸ்டர் எழுச்சி தோற்றபின், ஜெனரல் மாக்ஸ்வெல் மே 3 முதல் 12 வரை பதினைந்து பேரைச் சுட்டுக் கொல்லச் செய்து, பிஷப்புக்கும் ஒரு கடிதம் எழுதினார்: உம் கீழுள்ள இரண்டு பாதிரிமார்கள் ராஜ விசுவாசம் இல்லாதவர்கள், அடக்கிவையும் என்று. எழுபத்தைந்தை எட்டிக்கொண்டிருந்த கிழவர் மே 17-ந் தேதி பதில் எழுதினார். அவ்விருவரும் குற்றமற்றவர்கள், தண்டிக்க மாட்டேன் என்றதோடு நிற்கவில்லை. சரணடைந்த இளைஞர்களை இரக்கமின்றிச் சுட்ட உமக்கு நான் துணை போவேனா என்று கேட்டார். கடிதம் பத்திரிகைகளில் வெளிவந்தது. தேசமே நிமிர்ந்து உட்கார்ந்து படித்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, லாகூரில் இருந்த இன்னொரு ஓட்வயருக்கும் ஒரு ஜெனரலின் செய்கையைப் பற்றித் தம் மனத்தைச் சொல்லும் சந்தர்ப்பம் வந்தது. அவர் என்ன சொன்னார் என்பதை மேலே கண்டோம்.

அமெரிக்காவிலே இப்பெயர் தாய்மார்களால் வாழ்த்தப்பட்டிருக்கிறது. டாக்டர் ஜோஸப் ஓட்வயர் நியூயார்க்கில் அநாதைக் குழந்தைகளின் விடுதியில் வைத்தியர். தொண்டை அடைப்பான் கண்ட குழந்தைகள் மூச்சு முட்டி மடிவதை நாள்தோறும் கண்டவர். தொண்டையை வெளியே அறுத்து வழி செய்வது ஒன்றே அப்போது கைகண்ட உபாயம்; அதிலும் பிழைத்தவர் சிலரே. அவர் பல வருஷம் முயன்று, வாய்வழியாகவே குரல்வளையில் செருகத் தக்க சிறு உலோகக் குழாய் ஒன்றை 1880-களில் செம்மைப்படுத்தினார். 1890-களில் விஷமுறிவு ஊசிமருந்து பரவும் வரையில், அக்குழாய் எத்தனையோ குழந்தைகளுக்கு மூச்சுக் கொடுத்தது.

மேற்கு அயர்லாந்தில் மேயோ ஜில்லாவின் பொஹோலா கிராமத்திலிருந்து 1910-இல் கப்பலேறிய வில்லியம் ஓட்வயர், கட்டடக் கூலியாகவும் போலீஸ்காரராகவும் உழைத்து, வக்கீல் பரீட்சை தேறி, 1946-இல் நியூயார்க்கின் மேயரானார். நகரப் போலீஸில் லஞ்ச ஊழல் வெடித்த 1950-இல் பதவியை விட்டு மெக்ஸிகோவுக்குத் தூதராகச் சென்றார். அவருடைய தம்பி பால், எளியவர்களின் உரிமைக்கு வழக்காடிப் பேரெடுத்தவர்.

1919-இன் இறுதியில் அமிர்தசரஸிலிருந்து டில்லிக்குச் சென்ற இரவு ரயிலில், ஜெனரல் டயர் தாம் சுட்டதைப் பற்றிப் பெருமை பேசியதை அதே வண்டியில் மேல் படுக்கையிலிருந்து ஓர் இளைஞர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஜவாஹர்லால் நேரு. 1949 அக்டோபர் 17-ந் தேதி, சுதந்திர இந்தியாவின் பிரதம மந்திரியாக அவர் நியூயார்க்கின் பிராட்வே வீதியில் பவனி வந்தார்; இருபுறத்து மாடங்களிலிருந்தும் காகிதத் துணுக்குகள் மழையாகப் பொழிந்தன. அன்று அந்நகரத்தின் மேயர் பதவியில் இருந்தவர், பொஹோலா கிராமத்து ஓட்வயர்.